உனக்கு எப்படி இருந்தது?

சென்ற ஆண்டு ஜூன் விடுமுறையில் நான் முதன்முறையாகக் குழாய் ஆர்கன் இசையை நேரில் கேட்டேன். அன்று இசையைப் பற்றிக் கற்றுக்கொண்டதைவிட, கருத்துச் சொல்வதைப் பற்றி நான் கற்றுக்கொண்டதே அதிகம்.

எங்கள் பள்ளியின் தமிழ் இதழுக்கு ஒரு கலை நிகழ்ச்சியைப் பற்றி எழுதித் தருவதாக ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். எட்டு ஆண்டுகளாகப் பியானோ கற்றுவரும் என் அக்கா, எஸ்பிளனேட் இசையரங்கில் நடைபெறவிருந்த ஆர்கன் நிகழ்ச்சிக்கு நான்கு நுழைவுச்சீட்டுகள் வாங்கினார். அக்கா, தாத்தா, என் நண்பன், நான் என நால்வரும் புறப்பட்டோம்.

மரினா விரிகுடாவின் ஓரத்தில், முள்முள்ளாகத் தெரியும் கூரையுடன் இருக்கும் அந்தக் கட்டடத்தைப் பலரும் ‘டுரியான்’ என்றே அழைப்பார்கள். 2002ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அதன் இசையரங்கினுள் நுழைந்தவுடன், மேடைக்குப் பின்னால் வரிசை வரிசையாக நின்ற குழாய்களைக் கண்டு தாத்தா ஒரு கணம் நின்றுவிட்டார். ஜெர்மனியின் பான் நகரைச் சேர்ந்த கிளைஸ் நிறுவனம் உருவாக்கிய அந்த ஆர்கனில் 4,740 குழாய்கள் இருப்பதாக அக்கா கூறினார். நம் கண்ணுக்குத் தெரிபவை முகப்பில் இருப்பவை மட்டுமே. மற்றவை அவற்றின் பின்னே மறைந்திருக்கின்றன.

“இத்தனை குழாய்களையும் யார் ஊதுவார்கள்?” என்று தாத்தா கேட்டார்.

“மின்விசிறி போன்ற ஓர் இயந்திரம் காற்றைத் தரும், தாத்தா. வாசிப்பவர் விசையை அழுத்தினால், அதற்குரிய குழாய்க்குள் காற்று போகும். அவர் விரலை எடுக்கும்வரை அந்த ஒலி குறையாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும்,” என்றார் அக்கா.

தாத்தா இளமையில் சில ஆண்டுகள் நாதஸ்வரம் கற்றவர். அவருடைய நாதஸ்வரம் இன்றும் பட்டுத் துணியில் சுற்றப்பட்டு எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. ‘விரலை எடுக்கும்வரை’ என்ற சொற்களை அவர் தமக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டதை நான் கவனித்தேன்.

எங்கள் இருக்கைகள் மேல்தளத்தில் பக்கவாட்டில் இருந்தன. அதனால் கலைஞரின் கைகளும் கால்களும் நன்றாகத் தெரிந்தன. முதலில் அவர் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் இயற்றிய மெதுவான, சிறிய இசைப்படைப்பு ஒன்றை வாசித்தார். பிறகு, அதே பாக்கின் பெயரால் உலகெங்கும் அறியப்படும் ‘டி மைனர் டொக்காட்டாவும் ஃபியூகும்’ தொடங்கியது. மேலிருந்து வழுக்கி இறங்குவதுபோல் ஒரு சிறு இசைத்தொடர். அதன் பின் ஓர் அமைதி. மறுபடியும் அதே தொடர் இன்னும் கீழிருந்து. அடுத்து, அடித்தளத்திலிருந்து ஒரு பேரொலி எழும்பியது. என் நாற்காலியின் கைப்பிடி அதிர்ந்தது.

ஃபியூக் என்பது, ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் செல்லும் இசைவடிவம். ஒருவர் சொல்லி முடித்த செய்தியை அடுத்தவர் வேறோர் இடத்திலிருந்து சொல்லத் தொடங்க, முதலாமவரும் விடாமல் பேசிக்கொண்டே இருப்பது போன்றது அது. கலைஞர் அப்பகுதியை மிக வேகமாக வாசித்தார். இசை முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

நிகழ்ச்சிக்குப் பின் அருகிலிருந்த உணவங்காடிக்குச் சென்றோம். உட்கார்ந்ததும் நண்பன் பேசத் தொடங்கினான்.

“அற்புதம்! இடி இடித்ததுபோல் இருந்தது. இதைவிடச் சிறந்த நிகழ்ச்சியை நான் பார்த்ததே இல்லை!”

நான் தலையாட்டினேன்.

“எனக்கு ஏமாற்றம்தான். ஃபியூகில் ஒவ்வொரு குரலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அவர் ஓட்டிய வேகத்தில் எல்லாக் குரல்களும் கலங்கிவிட்டன,” என்றார் அக்கா.

அதற்கும் தலையாட்டினேன்.

தாத்தா தேநீரைக் கலக்கியபடி மெதுவாகச் சொன்னார்: “கருவி பிரமாதம். ஆனால், இசை மூச்சே விடவில்லை. நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து நிற்காமல் ஒலிக்கும். நாதஸ்வரம் நின்று நின்று பேசும். வாசிப்பவர் மூச்சு வாங்கும் இடத்தில்தான் கேட்பவனும் மூச்சு விடுவான். இன்று எல்லாமே ஒத்தாக இருந்ததுபோல் எனக்குத் தோன்றியது.”

பூம்பூம் மாட்டைப் போல் மூன்றாம் முறையும் தலையாட்டினேன். ஆனால், அக்கா சிரித்துவிட்டார்.

“தாத்தா, இது நாதஸ்வரக் கச்சேரி இல்லை. ஆர்கன் எதற்கு மூச்சுவிட வேண்டும்? மேற்கத்திய இசையைப் படித்தவர்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.”

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. தேநீரில் சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது. ஆனாலும், அவருடைய கரண்டி சுற்றிக்கொண்டே இருந்தது. ‘அப்படிச் சொல்லாதீர்கள், அக்கா’ என்று சொல்ல என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. மேற்கத்திய இசையைப் படிக்காதவர்களில் நானும் ஒருவன். வாயைத் திறந்தால் எனக்கும் அதே பதில் கிடைக்குமோ என்று பயந்தேன்.

வீடு திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் தாத்தா என் அருகில் அமர்ந்தார்.

“உனக்கு எப்படி இருந்தது?”

“நன்றாக இருந்தது, தாத்தா.”

“மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னோம். மூன்றுக்கும் நீ தலையாட்டினாய். எந்தத் தலையாட்டல் உன்னுடையது?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை, புன்னகையோடுதான் கேட்டார். இருந்தும், என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்றிரவு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். ‘குரல்கள் கலங்கிவிட்டன’ என்ற அக்காவின் சொற்களையே முதல் வரியாக எழுதினேன். படிப்பதற்கு அது அறிவாளியின் எழுத்துபோல இருந்தது. ஆனால், எந்தக் குரல் எங்கே கலங்கியது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

மறுநாள் நூலகத்திற்குச் சென்று பாக்கின் வாழ்க்கை வரலாற்றை இரவல் வாங்கினேன். அதில் படித்த ஒரு நிகழ்ச்சி என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. பாக் தம் இளமையில் ஜெர்மனியின் ஆர்ன்ஸ்டாட் நகரத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார். 1705ஆம் ஆண்டில் நான்கு வாரம் விடுப்புப் பெற்று, புக்ஸ்டெஹூட என்ற புகழ்பெற்ற ஆர்கன் கலைஞரின் இசையைக் கேட்க லூபெக் நகருக்குப் போனார். 400 கிலோமீட்டருக்கும் அதிகமான அந்தத் தூரத்தை அவர் நடந்தே கடந்ததாகச் சொல்லப்படுகிறது. போனவர் பல வாரம் தாமதமாகவே திரும்பினார். 1706ஆம் ஆண்டு பிப்ரவரியில் தேவாலய நிர்வாகம் அவரை அழைத்து விசாரித்தது. தாமதம் மட்டும் குற்றமாகக் கூறப்படவில்லை. வழிபாட்டுப் பாடல்களில் அவர் விநோதமான ஒலிகளைக் கலந்து வாசிப்பதால் மக்கள் குழம்பிப்போகிறார்கள் என்பதும் குற்றச்சாட்டு. முன்பு அவர் அதிக நேரம் வாசிப்பதாகக் குறை கூறினார்களாம். அதைச் சொன்னவுடன் மிகக் குறைவாக வாசிக்கத் தொடங்கிவிட்டார் என்று அதற்கும் குறை கூறினார்கள்!

அப்போது பாக்குக்கு வயது இருபதுதான். இன்று உலகமே போற்றும் ஒருவரின் இசை, அவருடைய ஊர் மக்களுக்கே குழப்பமாக இருந்திருக்கிறது. அவர்கள் வாரந்தோறும் ஆர்கன் இசை கேட்டவர்கள். இசை தெரியாதவர்கள் அல்லர். இசையோடு சேர்ந்து பாட வேண்டியவர்களுக்கு மெட்டு தெளிவாகக் கேட்க வேண்டும். அந்தத் தேவையிலிருந்து பிறந்தது அவர்களுடைய கருத்து.

இந்தப் பக்கத்தை அக்காவிடம் காட்டினேன். இம்முறை தயங்காமல் பேசினேன்.

“அக்கா, தாத்தாவுக்குப் புரியவில்லை என்று சொன்னீர்களே, அவர் ஏன் அப்படி உணர்ந்தார் என்று நாம் கேட்கவே இல்லையே.”

அக்கா பதில் சொல்லாமல் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். மாலையில் அந்த இசையின் ஒலிப்பதிவு ஒன்றை எடுத்துக்கொண்டு தாத்தாவிடம் போனார். வேறொரு கலைஞர் சற்று நிதானமாக வாசித்த பதிவு அது. இருவரும் பேசாமல் கேட்டார்கள். ஃபியூக் பகுதி வந்தபோது தாத்தா கையை உயர்த்தினார்.

“இதோ, இங்கே மூச்சு விடுகிறது!”

அக்கா அந்த இடத்தை மறுபடியும் போட்டுக் கேட்டார். அவர் முகம் மாறியது.

“தாத்தா, பியானோவில் ஒலி தானாகவே தேய்ந்துவிடும். ஆர்கனில் அப்படி இல்லை. வாசிப்பவர்தான் விரலைத் தூக்கி இடைவெளி விட வேண்டும். இவர் விடுகிறார். அன்றைய கலைஞர் வேகமாக வாசித்ததால் இடைவெளிகள் மிகவும் குறுகிவிட்டன. அரங்கின் எதிரொலி அவற்றையும் நிரப்பிவிட்டது. நான் ‘குரல்கள் கலங்கிவிட்டன’ என்றேன். நீங்கள் ‘மூச்சு விடவில்லை’ என்றீர்கள். இரண்டும் ஒன்றுதான்.” சற்று நிறுத்திவிட்டு, “அன்று நான் பேசியது தவறு, தாத்தா. மன்னித்துவிடுங்கள்,” என்றார்.

தாத்தா சிரித்தார். “பரவாயில்லை, அம்மா. எனக்கும் இன்றுதான் இரண்டாவது குரல் எங்கே நுழைகிறது என்று தெரிந்தது. இன்னொரு முறை போடு.”

நண்பனிடமும் பேசினேன். அவன் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பள்ளி இசைக்குழுவில் டியூபா வாசிக்கும் அவனுக்கு, தாழ்ந்த சுரம் ஒன்றை எழுப்ப எவ்வளவு உழைக்க வேண்டும் என்று தெரியும். அன்று முழுவதும் அவன் கலைஞரின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தானாம். காலால் மிதிக்கும் கட்டைகளில் அவ்வளவு விரைவாக ஒரு மெட்டை வாசிப்பதைக் கண்டு அவன் வியந்திருக்கிறான். அந்த வேகம் எங்கள் வீட்டில் இருவருக்குக் குறையாகத் தெரிந்தது. அவனுக்கோ அதுவே சாதனை. அவன் சொன்னதும் பொய்யில்லை.

பிறகு என் கட்டுரையை எழுதினேன். மூவரின் கருத்துகளையும் அவற்றுக்கான காரணங்களையும் எழுதிய பின், என்னுடையதையும் எழுதினேன். அந்தப் பேரொலி எழுந்தபோது உண்மையில் நான் பயந்தேன். அது விரைவில் முடிய வேண்டும் என்று விரும்பினேன். எனக்குப் பிடித்தது யாருமே பேசாத அந்த முதல் இசைதான். மெல்லிய குரல் ஒன்று தனியாகப் பாட, மற்ற குரல்கள் அதற்கு வழிவிட்டு நின்றதுபோல் இருந்தது. இவ்வளவு பெரிய கருவியால் இவ்வளவு மெதுவாகவும் பேச முடியுமா என்று நினைத்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருந்தது. எழுதி முடித்ததும் மனம் லேசானது.

கட்டுரை வெளியான அன்று தாத்தா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். “அன்று ரயிலில் கேட்ட கேள்விக்கு இன்றுதான் பதில் வந்திருக்கிறது,” என்றார்.

அடுத்த மாதம் மீண்டும் ஓர் ஆர்கன் நிகழ்ச்சிக்குப் போகிறோம். தாத்தா இப்போதே ஒரு நிபந்தனை விதித்திருக்கிறார்: நிகழ்ச்சி முடிந்ததும் முதலில் நான்தான் பேச வேண்டுமாம்.