அந்த 45 நிமிடம் பார்க்காதது

பெரிய மென்பொருள் நிறுவனங்களின் வேலை நேர்காணலில் ஒரு டெக்னிக்கல் ரவுண்டு பெரும்பாலும் 45 நிமிடம். அதற்குள் கேள்வியைப் புரிந்துகொண்டு, வழி யோசித்து, நிரல் எழுதி, அது சரிதான் என்று விளக்கியும் ஆக வேண்டும். பிள்ளைகள் மாதக்கணக்கில் லீட்கோடு என்ற பயிற்சித் தளமே கதியென்று கிடக்கிறார்கள். இந்த ரவுண்டுகளில் பதில் சொல்லியும் கேள்வி கேட்டும் பழகியவன் நான். அந்த உழைப்பு வீணில்லை. ஆனால், வேலையில் சேர்ந்தபின் அன்றாடம் தேவைப்படும் குணத்தை அந்த ரவுண்டு பெரும்பாலும் பார்ப்பதே இல்லை.

அடிக்கடி கேட்கப்படும் பைனரி சர்ச் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். வரிசைப்படுத்திய பட்டியலில் நடுவில் பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளிக்கொண்டே போவது. முதலாண்டு மாணவருக்கும் தெரியும். நடுவிடத்தைக் கண்டுபிடிக்க இரு முனை எண்களையும் கூட்டி இரண்டால் வகுப்போம். ஜாவா நூலகத்திலும் அப்படித்தான் இருந்தது. எழுதியவர் ஜாஷுவா பிளாக், துறையே மதிக்கும் நிரலாளர். அதில் சுமார் 9 ஆண்டுகள் ஒரு பிழை யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 32 பிட் முழு எண்ணின் உச்சம் 2,147,483,647. பட்டியலின் நீளம் சுமார் 107 கோடியைத் தாண்டிவிட்டால், அந்தக் கூட்டல் உச்சத்தைக் கடந்து மைனஸில் போய்விடும். ஜான் பென்ட்லி ‘புரோகிராமிங் பேர்ல்ஸ்’ நூலில் சரியென்று நிறுவிக் காட்டிய நிரலிலும் இதே பிழை. 2006இல், கூகுளில் இருந்தபோது, இதை ஊரறிய எழுதியவர் பிளாக்தான். தன் நிரல் என்பதையும் மறைக்கவில்லை.

பெரிய நிறுவனங்கள் ஓடுவது தன் பிழையை ஒளிக்காத இந்த மனசால்தான். கூகுளில் ஒருவர் செய்த மாற்றத்தை இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே சேர்ப்பார்கள். புதிதாக எழுதுவதைவிட, என்றோ யாரோ எழுதியதைப் படிக்கத்தான் நேரம் அதிகம் போகும். நள்ளிரவில் ஏதோ பழுதென்று ஆன்-கால் அழைப்பு வந்தால், “இது எனக்குப் பிடிபடல, அவரையும் எழுப்புங்க” என்று தயங்காமல் சொல்பவர்தான் குழுவைக் காப்பாற்றுவார்.

நான் எடுத்த ஒரு நேர்காணலில், நிரல் எழுதிக்கொண்டிருந்த பெண் சட்டென்று நிறுத்தி, “சார், இந்த லிஸ்ட் எவ்வளவு பெருசா வரும்?” என்று கேட்டார். என்னிடம் அதற்குமுன் யாரும் அதைக் கேட்டதில்லை. அந்தப் பேச்சிலேயே நேரம் போய், நிரல் பாதியில் நின்றது. எடுக்கலாம் என்றுதான் எழுதிக் கொடுத்தேன். ஆனால், நிரலை முடிக்கவில்லை என்ற காரணத்தால் நிறுவனம் அவரை எடுக்கவில்லை. இன்றும் எனக்கு அதில் வருத்தம் உண்டு.

முறையை மாற்ற முடியாது என்பதில்லை. விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து கொள்ளும் என்பதுபோன்ற நேர்காணல் புதிர்களால் பயனே இல்லை என்று கூகுளின் மனிதவளப் பிரிவுத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013இல் வெளிப்படையாகவே சொன்னார்.

நேர்காணல் எடுக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 45 நிமிடத்தில் பாதியையாவது இதற்கென ஒதுக்குங்கள்: பிழையுள்ள ஒரு பழைய நிரலைக் கொடுத்து, உங்களோடு சேர்ந்து படிக்கச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவருக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்.