ஆவாரம்பாளையத்துக் காது

கூலண்டின் புளித்த வாடையும் செர்வோ மோட்டாரின் ரீங்காரமும் சேர்ந்து வந்தால் எனக்கு ஆவாரம்பாளையத்துப் பட்டறை ஒன்று நினைவில் எழும், தகரக் கூரையின் ஓட்டைகளில் வெயில் இறங்கி இரும்புத்தூள் மினுங்க, பெரியவர் ஒருவர் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை லேத்தின் பேரிங் மூடியில் ஊன்றி, பிடியைக் காதோடு அணைத்து, கண்ணை மூடி நிற்பார், கூப்பிட்டால் திரும்பாத அந்த மனிதருக்கு உள்ளே ஒரு குண்டு தேய்ந்திருப்பது மட்டும் எப்படியோ கேட்டுவிடும். “சாவி லூசா இருக்குது கண்ணு, எண்ணெய ஊத்தி ஏமாத்தாத” என்பார், பொடி மணக்கும் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே.

அவரை நினைத்தால் கூடவே பாட்டியும் வந்துவிடுவாள், திண்ணையில் வெற்றிலை நரம்பைக் கிள்ளியபடி, உள்ளே ஓடும் கிரைண்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “கல்லு வழுக்குது, கொத்துறவன வரச்சொல்லு” என்பாள், உளுந்து மாவு வாசனையோடு சூடான பெல்ட்டின் ரப்பர் நெடியும் கலந்து வரும் அந்தக் காலை நேரத்தில் அவளை மறுத்துப் பேச வீட்டில் ஆள் கிடையாது.

இப்போது யாரும் காது வைப்பதில்லை. சர்வீஸுக்கு வரும் பையன் செர்வோ டிரைவில் லேப்டாப்பைச் செருகுகிறான், ஆட்டோ டியூன் கெய்னை, அதாவது பிழைக்கு மோட்டார் எவ்வளவு வேகமாகப் பதில் தர வேண்டும் என்ற அளவை, ஏற்றுகிறது, மேஜை அலறுகிறது, திரையில் 180 ஹெர்ட்ஸில் ஒரு கூம்பு எழும்புகிறது, அங்கே ஒரு நாட்ச் ஃபில்டர், உடனே அமைதி, டீ குடிக்கப் போய்விடுகிறான். நடந்தது இவ்வளவுதான்: மோட்டாருக்கும் மேஜைக்கும் நடுவிலிருக்கும் கப்ளிங்கும் பால் ஸ்க்ரூவும் முறுக்கேறித் தளரும் சுருள்வில் மாதிரி, இரு பக்கமும் எதிரெதிராக ஆடும் அந்த அதிர்வெண்ணில் மட்டும் மோட்டாருக்குப் போகும் முறுக்குவிசைக் கட்டளையை ஃபில்டர் வெட்டிவிடுகிறது. லோ பாஸ் போட்டால் மேலே உள்ள எல்லாமே அடங்கும், ஆனால் கட்டளை தாமதமாகும், அப்புறம் கெய்னைக் குறைத்தாக வேண்டும், இயந்திரம் சோம்பிப்போகும்.

கப்ளிங் தளர்ந்து விறைப்பு பாதியானால் அந்த 180, ஏறக்குறைய 127-க்கு இறங்கிவிடும், 180-இல் உட்கார்ந்திருக்கும் குறுகிய ஃபில்டர் அங்கே சரியாக வெட்டாது, தாமதத்தை மட்டும் சேர்க்கும். சத்தம் போன மாதிரி போய்த் திரும்பி வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

லூசானதை இறுக்கினால் போதும் என்கிற மாதிரி பெரியவர் சொன்னதும் முழுக்கச் சரியில்லை என்று இந்த வயதில் படுகிறது, எவ்வளவு இறுக்கினாலும் இரும்பு கொஞ்சம் வளையத்தான் செய்யும், கூம்பு மேலே நகருமே தவிர மறையாது, அதற்கு ஃபில்டர் வேண்டும்தான், அதைப் பார்த்திருந்தால் அவரே தலையை ஆட்டியிருப்பார். ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் மின்சாரத்தை நிறுத்தி கப்ளிங் போல்ட்டையும் பெல்ட்டின் இழுப்பையும் கையால் பாருங்கள், லேப்டாப்பை அப்புறம் திறக்கலாம்.