வேட்டை இல்லாத வேட்டை நாய்

சிப்பிப்பாறை நாய் வாங்கப் போறோம் என்று சொன்னதும் லயத்தில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "பன்னி புடிக்குமா?" இல்ல, சும்மா வளர்க்கத்தான் என்றால், "அப்ப எதுக்கு காசு குடுத்து? நம்ம தோட்டத்துல இல்லாத நாயா?" நியாயமான கேள்வி. அதற்கு எங்கள் வீட்டில் நாங்கள் தேடிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

சிப்பிப்பாறை தென் தமிழ்நாட்டின் கரிசல் பூமியில் உருவான இனம். அதே பெயரில் அங்கே ஓர் ஊரும் உண்டு. ஒட்டிய வயிறு, நீளக் கால், கூம்பிய முகம், குட்டை முடி. மோப்பத்தை விட கண்ணை நம்புகிற நாய். வெட்டவெளியில் முயலைக் கண்டால் போதும், பாய்ந்துவிடும். ராஜபாளையம், கன்னி, கோம்பை என்று இதற்குப் பக்கத்து ஊர்களில் சொந்தங்கள் இருக்கின்றன. ராஜபாளையம் நாய் 2005இல் இந்திய அஞ்சல்தலையில்கூட வந்தது. ஆனால் முத்திரையில் படம் வந்தால் மட்டும் ஓர் இனம் பிழைத்துவிடாது. ஜமீன்கள் போயின. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தோடு வேட்டையும் குற்றமானது. வேட்டைக்காகவே வளர்க்கப்பட்ட நாய்க்கு வேலை போய்விட்டது. இனி அது மிஞ்ச வேண்டுமென்றால், யாராவது அதை வெறும் துணையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவிலிருந்து நேரே கொண்டுவர நினைத்தால் மிருக உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி, விசர்நாய்த் தடுப்பூசிச் சான்று என்று நிறைய வேலை இருக்கிறது. "படகுல வந்த குட்டி, மலிவா தாறேன்" என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். விசர்நாய்க்கடி நோய் இரண்டு நாட்டிலும் இன்னும் ஆள்களைக் கொல்கிறது. நாங்கள் வவுனியாப் பக்கம் வளர்க்கிற ஒருவரிடம் போனோம். அவர் "சுத்த ரத்தம் தம்பி, கலப்பே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தச் சொல்லை மனுசரைப் பற்றிச் சொல்கிறவர்களையும் எங்களுக்குத் தெரியும், அதனால் காதில் உறுத்தியது. எங்களுக்கு வேண்டியது வேறு: தாய் நாயைப் பார்க்க முடியுமா, தகப்பன் எது, இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்தவையா? ஆள் குறைந்த இனத்தில் சொந்தத்துக்குள்ளேயே சேர்த்தால் குட்டிக்கு நோய்தான் சொத்தாக வரும். தாயைக் கண்ணால் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தோம்.

ஏ9 வீதியில் தம்புள்ளை தாண்டி மாத்தளை, அங்கிருந்து ரத்தோட்டைக்கு மேலே எங்கள் லயம். கரிசல் வெயிலுக்குப் பழகிய உடம்பில் கொழுப்பே கிடையாது. மலைப்பனி இறங்கினால் குட்டி நடுங்கும். பழைய கம்பளிச் சட்டையை வெட்டித் தைத்துப் போட்டோம். தேயிலை மலையில் அதற்கு ஓடத் தெரியவில்லை. செடிக்கு மேலே கண் எட்டாது, நடுவில் கான் வெட்டிக் கிடக்கும், காலில் அட்டை ஏறும். அதனால் விடிய முதல் பாடசாலை மைதானத்துக்குக் கூட்டிப் போகிறோம். ஆளுக்கு ஒரு நாள் முறை. சங்கிலியில் கட்டிப் போடுவதென்றால் இந்த நாயை வாங்கவே கூடாது.

வளர்ந்ததும் நாங்கள் பயந்தது நடந்தது. "ஒரு ராத்திரிக்குக் குடுங்க, இறைச்சியில பங்கு தாறோம்" என்று பக்கத்துப் பொடியன்கள் வந்தார்கள். பன்றி தோட்டத்தைக் கிளறுகிறது என்பது பொய்யில்லை. எங்கள் மரவள்ளியையும்தான் தின்றது. ஆனால் ராத்திரியில் அவிழ்த்துவிட்ட நாய் பன்றி, மரை என்று பார்த்தா துரத்தும்? மேலே இருப்பது நக்கிள்ஸ் காடு, 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இடம். போதாததற்கு, இந்த நாயின் மெல்லிய தோலை ஒரு பன்றிக் கொம்பு கிழிக்க நிமிசம் போதாது. தர மாட்டோம் என்றோம். அதில் ஒரு வீட்டுக்காரர் ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை. ஒரே இஸ்தோப்பு வரிசையில் இருந்துகொண்டு அது லேசான காரியமில்லை.

மலையகத்துக்கு வேட்டை நாய் புதுசில்லை. சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நுவரெலியாவில் குடியேறி, நாய்க்கூட்டத்தோடு மரை வேட்டையாடி, அதைப் பெருமையாகப் புத்தகமும் எழுதினார். நாயும் வேலைக்கு, ஆளும் வேலைக்கு என்று இருந்த காலம். 2023இல் 200 வருச நினைவாக தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்து வந்தது அந்தக் காலத்தை நினைத்துத்தான். மனுசரையும் நாயையும் ஒன்றாக வைத்துப் பேசவில்லை. ஆனாலும், "வேலை செய்யாட்டி எதுக்கு?" என்ற கேள்வி நமக்கு எங்கிருந்து வந்தது? தோட்டத்தில் பேர் பதிந்தால்தான் காம்பரா என்று தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. ஓர் உயிர் எதற்கும் பயன்படாமல், சும்மா நம்மோடு இருக்கலாம் என்று நினைக்கவே நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே வாங்க நினைக்கிற தோழர்களுக்கு: ஓட இடமும் காலையில் ஒரு மணி நேரமும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். அரிய இனம் என்ற பெருமைக்காக வேண்டாம். எங்கள் நாய்க்குத் தடுப்பூசி போடப் போன அன்று லயத்து நாய்கள் ஆறையும் கூட்டிப் போனோம். வெட்டினரி ஐயா எல்லாவற்றுக்கும் ஒரே ஊசியைத்தான் போட்டார்.