பத்தமடைப் பாய்

திருநெல்வேலிச் சீமைக்குப் போகிறவர்கள் அல்வா வாங்காமல் திரும்புவதில்லை. நாமும் பல முறை அவ்விதமே திரும்பியவர்கள்தாம். இம்முறை சேரன்மாதேவிப் பக்கம் செல்லும் பஸ்ஸில் ஏறிப் பத்தமடையில் இறங்கினோம். "பத்தமடைப் பாய், பத்தமடைப் பாய் என்கிறார்களே, அதற்கு அப்படி என்ன விசேஷம்?" என்பதே நமது கேள்வி.

கோரைப் புல்லை ஆண்டவன் பத்தமடைக்கு மட்டும் எழுதி வைத்துவிடவில்லை. காவிரிக் கரையில், முசிறிப் பக்கத்திலும் கோரை விளைகிறது; அங்கும் பாய் நெய்கிறார்கள். ஆகவே, விசேஷம் புல்லில் இல்லை. பின் எதில்?

தறி இருந்த ஒரு வீட்டில் விடை கிடைத்தது. இவ்வூர் முஸ்லிம் குடும்பங்களில், முக்கியமாகப் பெண்மணிகள், தலைமுறை தலைமுறையாக இத்தொழிலைச் செய்து வருகிறார்கள். அறுத்த கோரையை உலர்த்தி, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, மறுபடியும் உலர்த்துகிறார்கள். உள்ளிருக்கும் சோற்றை நீக்கி, தோலை மட்டும் நூலைப்போல் மெல்லியதாகக் கீறுகிறார்கள். பிறகு நூற்பாவில் இழை இழையாகக் கோத்து நெய்கிறார்கள். நயமான பாய் ஒன்று முடியப் பல வாரங்கள் செல்லும். அது பட்டுத் துணிபோல் மடிகிறது. கல்யாணப் பாயில் மணமக்களின் பெயரையும் நெய்து கொடுக்கிறார்கள்.

விலையைக் கேட்டதும் நாம் தயங்கினோம். "கடைத்தெருவில் பிளாஸ்டிக் பாய் மலிவாகக் கிடைக்கிறதே!" என்று வாய் தவறிச் சொல்லியும் விட்டோம்.

அந்த அம்மாள் கோபிக்கவில்லை. கீறிய கோரை ஒன்றை நம் கையில் கொடுத்து, "இதை இன்னும் இரண்டாகக் கீறிப் பாருங்கள், ஐயா" என்றார். கீறினோம், பாதியிலேயே அறுந்தது.

"எனக்கும் முதலில் அப்படித்தான் அறுந்தது. கை பழக இரண்டு வருஷம் ஆயிற்று. என் மகள் இதைக் கற்க மாட்டேன் என்கிறாள். கூலி கட்டாத தொழிலைக் கற்றுக்கொள் என்று நான் எப்படிச் சொல்வேன்?" என்றார்.

நமக்குப் பேச நா எழவில்லை.

1999-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2003-இல் அமலுக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ் பத்தமடைப் பாயும் பதிவு பெற்றிருக்கிறது. பிற ஊர்ப் பாயைப் பத்தமடைப் பாய் என்று விற்க இனி உரிமையில்லை. நல்ல காரியந்தான். ஆனால் சட்டம் பெயரைக் காக்கும். கீறுகிற விரலை யார் காப்பது? எல்லோருக்கும் கிடைக்கும் புல்லில், பிறர் பொறுக்காத சிரமத்தைப் பொறுத்ததனால் வந்த தனிச் சிறப்பு இது. அந்தச் சிரமத்துக்கு உரிய விலையை நாம் கொடுக்காவிட்டால் பெயர் மட்டுமே மிஞ்சும்.

பேரம் பேசாமல் ஒரு பாய் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். ஊர் வந்து சேர்ந்த பிறகுதான், அல்வா வாங்க மறந்தது நினைவுக்கு வந்தது.