மூணு ஸ்பைடர்மேனும் ஒரு ஸ்பாய்லர் அக்காவும்!

2021 டிசம்பர் 16, வியாழக்கிழமை. 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' அமெரிக்காவுக்கு ஒரு நாள் முன்னாடியே நமக்கு ரிலீஸான நாள். டிஜிட்டல் டெஸ்க்கில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த என்னை அதிகாலைக் காட்சிக்கு அனுப்பினார்கள். படத்தில் சர்ப்ரைஸாக யார் யார் வருகிறார்கள் என்று ஒரு கட்டுரை, பத்து மணிக்குள் லைவ் ஆக வேண்டும். இதுதான் அசைன்மென்ட்.

பத்து மணிக்கு லைவ் ஆனது. பத்தேகாலுக்குத் தம்பியிடமிருந்து போன்.

"ஏன்க்கா, தலைப்புலயேவா போடுவ?"

அவன் அப்போது மதுரையில் ஹாஸ்டலில் இருந்தான். சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, யார் ஸ்டேட்டஸையும் பார்க்காமல் விரதம் மாதிரி இருந்திருக்கிறான். விரதத்தைக் கலைத்தது எங்கள் ஃபேமிலி குரூப். "நம்ம பாப்பா எழுதினது" என்று பெருமையாக லிங்க்கைப் போட்டது அம்மா!

ஸ்பைடர்மேன் எங்கள் இருவருக்கும் பொதுச்சொத்து. டோபி மேக்வயர் நடித்த 'ஸ்பைடர்மேன் 2' வந்தது 2004-ல். நாங்கள் அதைச் சில வருஷம் கழித்து, டிவியில் அவர் தமிழ் பேசித்தான் பார்த்தோம். ஓடும் ரயிலை வலையால் இழுத்து நிறுத்துவாரே, அந்தக் காட்சியை அம்மாவின் சேலையை ஜன்னல் கம்பியில் கட்டி வீட்டிலேயே எடுத்திருக்கிறோம். நான்தான் ரயில். சேலை கிழிந்த அன்று இரண்டு பேருக்கும் அடி விழுந்தது. அப்படிப்பட்டவனிடமிருந்து அந்த நிமிஷத்தை நான் பிடுங்கிவிட்டேன்.

எந்த நிமிஷம் என்று கேட்காதவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம். நெட் ஒரு மாய வாசலைத் திறக்கிறான். முகமூடியோடு உள்ளே வருகிற ஸ்பைடர்மேன் அதைக் கழற்றினால், ஆண்ட்ரூ கார்ஃபீல்டு! பேட்டிக்குப் பேட்டி 'நான் அந்தப் படத்தில் இல்லவே இல்லை' என்று சாதித்த மனிதர். தியேட்டரில் எழுந்த சத்தத்தில் அடுத்த வசனம் யாருக்கும் கேட்கவில்லை. 'நிஜ ஸ்பைடர்மேன்தான்' என்று நிரூபிக்க அவர் மேற்கூரையில் ஒட்டிக்கொள்ள, 'அந்த மூலையில் இருக்கிற ஒட்டடையையும் எடுத்துவிடு' என்கிறார் நெட்டின் பாட்டி. நம் வீட்டுப் பாட்டியும் அதைத்தான் சொல்லியிருப்பார். அடுத்த வாசலில் சாதாரண சட்டையோடு, கொஞ்சம் வயதான டோபி. பக்கத்து சீட்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். யாரென்றே தெரியாது.

'ஃபேன் சர்வீஸ்' என்று இதைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் சொல்வோம். கதைக்குத் தேவையோ இல்லையோ, ரசிகனுக்கு ஒரு விசில். தம்பி விஷயத்தில் அந்த விசிலை நான் கெடுத்தாகிவிட்டது. சனிக்கிழமை ராத்திரி பயந்துகொண்டே போன் செய்தேன். அவன் குரல் கம்மியிருந்தது.

"ஆண்ட்ரூ வர்றதெல்லாம் தெரிஞ்சதுதானேக்கா. ஆனா எம்ஜே விழும்போது அவர் பிடிப்பார்ல? அதை நீ எழுதவே இல்லையே."

ஆமாம், எழுதவில்லை. யார் யார் வருகிறார்கள் என்று பட்டியல் போட்ட நான், வந்து என்ன செய்தார்கள் என்பதை விட்டுவிட்டேன். 2014-ல் வந்த படத்தில் ஆண்ட்ரூவின் காதலி க்வென் மணிக்கூண்டிலிருந்து விழுவாள். வலை அவளைத் தொடும், ஆனால் ஒரு நொடி தாமதமாக. அந்த வரிசையில் அடுத்த படம் வரவே இல்லை, அந்தப் பீட்டரின் குற்றவுணர்வு அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. ஏழு வருஷம் கழித்து, வேறொரு பீட்டரின் காதலியை அவர் தாவிப் பிடித்து இறக்கிவிட்டு, 'உனக்கு ஒன்றும் ஆகவில்லையே?' என்று கேட்கிறார். கண் கலங்கியிருப்பது காப்பாற்றப்பட்ட பெண் இல்லை, அவர்.

டோபிக்கும் ஒரு பழைய கணக்கு இருந்தது. 2002-ல் அவர் கண்முன்னே தன் கிளைடராலேயே குத்துப்பட்டுச் செத்தவன் க்ரீன் காப்ளின். இப்போது அதே கிளைடரால் அவனைக் கொல்லப் போகிற டாம் ஹாலண்டின் முன்னால் போய் நிற்கிறார். ஒரு வார்த்தை பேசுவதில்லை. முதல்முறை பார்த்தபோது 'டோபிக்கு வசனமே கம்மி' என்று குறிப்பெடுத்திருக்கிறேன், பாருங்கள்!

2023-ல் 'தி ஃப்ளாஷ்' வந்தபோது இந்த வித்தியாசம் இன்னும் தெளிவானது. உலகங்கள் மோதுகிற காட்சியில், 2004-லேயே இறந்துபோன கிறிஸ்டோபர் ரீவை கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸில் சூப்பர்மேனாக நிறுத்தினார்கள். அவர் நிற்கிறார், திரும்புகிறார், அவ்வளவுதான். செய்து முடிக்க அவருக்கு ஒரு வேலையும் இல்லை. நான் பார்த்த காட்சியில் ஒரு கைத்தட்டல்கூட இல்லை. எனக்கென்னவோ பூஜையறைப் படத்தை எடுத்து விளம்பரத் தட்டியில் மாட்டின மாதிரி இருந்தது.

அடுத்த வருஷம், ஜூலை 26. 'டெட்பூல் & வுல்வரின்'. பழையபடி அதிகாலைக் காட்சி, அதே அசைன்மென்ட். இந்த முறை தலைப்பில் பெயர் போடவில்லை, படத்தில் முகம் வைக்கவில்லை. "பேர் இல்லாம யார் கிளிக் பண்ணுவா?" என்றார் சீனியர். அவர் சொன்னது சரிதான், வியூஸ் சுமார்தான். அம்மாவுக்கும் லிங்க் அனுப்பி, "திங்கட்கிழமை வரைக்கும் குரூப்ல போடாதம்மா" என்று சொல்லிவைத்தேன். கட்டுரைக்குள் எல்லாப் பெயரும் இருந்ததே!

ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்குத் தம்பியோடு மறுபடி போனேன். படத்தில் பாதி வெறும் விசில்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கேம்பிட்டாக சானிங் டேட்டம் வந்தபோது தம்பி சீட்டின் நுனிக்கு வந்துவிட்டான். அவர் நடிப்பதாக இருந்த கேம்பிட் படம் பல வருஷம் இழுத்து, ஃபாக்ஸை டிஸ்னி வாங்கிய 2019-ல் கைவிடப்பட்டது. எடுக்கப்படாத படத்தின் ஹீரோ, ஒரே ஒரு சண்டைக்காக ஆசையோடு காத்திருக்கிறார். கடைசியில் டைட்டில் ஓடும்போது, பழைய எக்ஸ்-மென் ஷூட்டிங் காட்சிகள். கன்னம் ஒட்டிய இளம் ஹியூ ஜாக்மேன் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். பின்வரிசையில் எல்லோரும் எழுந்துபோய்விட்டார்கள், நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

வெளியே வந்து போனை ஆன் செய்தேன். ஃபேமிலி குரூப்பில் 12.10-க்கு ஒரு மெசேஜ். "நம்ம பாப்பா எழுதினது."

தம்பி அதற்கு ஹார்ட் போட்டுவிட்டு, "டீ சாப்பிடலாமாக்கா?" என்றான்.