வல்லார்பாடத்து முற்றம்

கொச்சி வல்லார்பாடம் மாதா கோயில் முற்றத்தைப் பெருக்குறது இங்க ஒரு நேர்ச்சை.
1752ல காயல் புயல்ல மீனாட்சியம்மாங்கிற ஒருத்தரும் அவங்க கைக்குழந்தையும் மாதா அருளால பிழைச்சதாச் சொல்வாங்க. அவங்க நினைவாத்தான்.

இன்னைக்கு அக்காவும் விளக்குமாறு எடுத்தாங்க, துப்பட்டாவை மூக்குக்கு மேல இறுக்கிக் கட்டிக்கிட்டு.

தூசி பட்டா அவங்களுக்கு மூச்சு இழுக்கும்.
இறாலும் ஆகாது. கொச்சியில இருந்துக்கிட்டு இறால் இல்லாத சாப்பாடு!
வீட்டுத் தூசியில இருக்கிற நுண்பூச்சியிலயும் இறால்லயும் டிரோபோமயோசின்னு ஒரே சாயல்ல ஒரு புரதம் இருக்கு. இறாலை எவ்வளவு வேகவெச்சாலும் அது போகாது.

மஞ்சள்பால், துளசி, செட்டிரிசின்... எல்லாம் பார்த்தாச்சு.
தூசி அலர்ஜிக்கு ஊசி வைத்தியம் இருக்கு. மூணுலேர்ந்து அஞ்சு வருஷம் விடாம போடணும். அதையும் போடவைக்கணும்னு இருக்கேன்.

இன்ஹேலரோட பக்கத்துலயே நின்னேன்.
மாதாகிட்ட நேர்ந்துக்கிட்டவங்களை வேண்டாம்னு எப்படித் தடுக்கிறது?