வருடத்துக்கு ஒருமுறை கண் விழிக்கும் சர்வர்

இந்தப் பக்கம் தூசி படிந்து கிடந்ததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை மக்களே. ஆபீஸில் ஆணி அதிகம். எங்கள் வங்கியின் சர்வர்களைக் கிளவுடுக்குக் குடி பெயர்க்கும் திருப்பணி 2024-இல் என் தலையிலும் விழுந்தது. "பி.காம். படிச்சுட்டு வவுச்சர்ல டிக் அடிச்சிட்டிருந்த ஆளுக்கு அங்கே என்ன வேலை?" என்று தங்கமணியே கேட்டாயிற்று. நியாயமான கேள்விதான். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் டீமில் நிறையவே இருக்கிறார்கள். எந்த மெஷின் நின்றால் எந்தக் கவுண்டரில் கூட்டம் சேரும் என்று சொல்வதற்குக் கிளையில் குப்பை கொட்டிய ஒரு ஆள் வேண்டுமாம். பிடித்துப் போட்டார்கள்.

முதலில் விஷயத்தை எளிமையாகச் சொல்லிவிடுகிறேன். நம் தாத்தா காலத்து ஒண்டுக்குடித்தனம் ஞாபகம் இருக்கிறதா? ஒரே பெரிய வீடு, உள்ளே தடுப்பு போட்டு எட்டுக் குடும்பம். விர்ச்சுவல் மெஷினும் அதேதான். ஒரு பெரிய சர்வருக்குள் மென்பொருளால் தடுப்பு போட்டுப் பத்து இருபது கணினிகளைக் குடிவைப்பது. ஒவ்வொன்றும் தான் தனி வீட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். உண்மையில் அந்தக் கணினி என்பது டிஸ்கில் கிடக்கும் சில பெரிய கோப்புகள்தான். கோப்பு என்பதால் அதைப் பிரதி எடுத்து வேறு ஊருக்கு அனுப்பலாம். அப்படி அனுப்புவதைத்தான் மைக்ரேஷன் என்கிறார்கள்.

கிளவுட் என்றதும் என் அம்மா நிஜமாகவே ஆகாயத்தைப் பார்த்தாள். ஆகாயத்தில் ஒன்றும் இல்லை. அது இன்னொருவருடைய கட்டடம், அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் 2015-இல் புனே, சென்னை, மும்பையிலும், அமேசான் 2016-இல் மும்பையிலும், கூகுள் 2017-இல் மும்பையிலும் இத்தகைய மையங்களைத் திறந்தன. பணப் பரிவர்த்தனை விவரங்களை இந்தியாவுக்குள்தான் சேமிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவு போட்டது. ஐ.டி. வேலையை வெளியாரிடம் கொடுத்தாலும் பொறுப்பு வங்கியுடையதுதான் என்று 2023 ஏப்ரலில் தனியாக விதிமுறையும் வந்துவிட்டது. ஆகவே, ஏதாவது ஆனால் "கிளவுட்காரனைக் கேளுங்கள்" என்று நாங்கள் கையை விரிக்க முடியாது.

எதற்கு இந்தக் குடிபெயர்ப்பு? கணக்குப்பிள்ளை பாஷையில் சொன்னால், சொந்த வீட்டை விட்டு வாடகைக்குப் போகிறோம். சொந்த சர்வர் என்றால் மொத்தமாகப் பணம் போட்டு வாங்கி, சில வருடம் தேய்மானம் எழுதி, பிறகு திரும்பவும் வாங்க வேண்டும். தடுப்புச் சுவர் மென்பொருளில் பிரபலமான விஎம்வேர் நிறுவனத்தை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே ஒரேயடியாக வாங்கும் லைசென்ஸை நிறுத்திச் சந்தா முறைக்கு மாற்றியது. அதன் பிறகு பல நிறுவனங்கள் பெட்டி படுக்கையைக் கட்ட ஆரம்பித்தன.

வாடகை வீட்டில் ஒரு சங்கடம் உண்டு. ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினாலும் மீட்டர் ஓடும். அதனால் குடிபோகும் முன் வேண்டாத மெஷின்களைக் கழித்துக்கட்டுவது வழக்கம். பிள்ளைகள் ஒரு கருவியை வைத்து முப்பது நாள் அளந்தார்கள். யார் யாரோடு பேசுகிறார்கள், எவ்வளவு உழைக்கிறார்கள் என்று அழகாக அட்டவணை வந்தது. சும்மா உட்கார்ந்திருந்த மெஷின்களுக்கு எதிரே "அணைக்கலாம்" என்று சிவப்பில் போட்டிருந்தது.

அந்தப் பட்டியலில் ஒரு பழைய மெஷின். முப்பது நாளில் அசையக்கூட இல்லை. யாரைக் கேட்டாலும் தெரியவில்லை. நிறுவியவர்கள் மாற்றலாகிப் போய்விட்டார்கள். அணைத்துவிட்டால் மாத வாடகை மிச்சம்.

எனக்கு மட்டும் உறுத்தியது. அளந்த மாதம் மே. வங்கியில் மே மாதம் அசையாதது எல்லாம் செத்தது என்று அர்த்தம் இல்லை. அன்றைக்கிருந்த 15-எச் படிவம் ஏப்ரலில் குவியும், ஆண்டுக் கணக்கு மார்ச்சில் முடியும், பென்ஷன்காரர்களின் வாழ்நாள் சான்று நவம்பரில் வரும். காமர்ஸ் படித்தவனுக்கு வருடம் என்றால் பன்னிரண்டு மாதம். கருவிக்கு ஒரே மாதம்தான் தெரிந்திருந்தது.

உள்ளே தேடச் சொன்னேன். ஒரு ஃபோல்டரில் கோப்புகள் வரிசையாக இருந்தன, அத்தனையும் அக்டோபர், நவம்பர் தேதிகள். பழைய டெலிபோன் பட்டியலைத் துழாவி, ஓய்வுபெற்று சாத்தாராவில் இருக்கும் ஒரு மராத்திக்காரரைப் பிடித்தேன். மெஷின் பெயரைச் சொன்னதும் சிரித்தார். "அது இன்னும் உயிரோட இருக்கா சாப்? அதான் கிழவங்க எல்லாம் உயிரோட இருக்காங்கன்னு சொல்ற மெஷின்!"

ஜீவன் பிரமாண் என்று 2014 நவம்பரில் ஆரம்பித்த டிஜிட்டல் வாழ்நாள் சான்று முறை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பென்ஷன்காரர் விரல் வைத்தோ, 2021-இலிருந்து முகம் காட்டியோ சான்று தரலாம். எங்கள் வங்கியில் அந்தச் சான்றுகளைப் பென்ஷன் எண்ணோடும் கணக்கு எண்ணோடும் பொருத்தி, "இவருக்கு நிறுத்தாதே" என்று குறி போடுவது அந்த ஒற்றை மெஷின்தான். அதை அணைத்திருந்தால் மே மாதம் ஒன்றும் ஆகியிருக்காது, ஜூன், ஜூலையிலும் ஆகியிருக்காது. சான்று கொடுத்தவர்களுக்கும் டிசம்பரிலிருந்து பென்ஷன் நின்றிருக்கும்.

என் அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். அம்மாவுக்கு இப்போது குடும்ப பென்ஷன். அவள் கணக்கு வேறு வங்கியில். ஆனாலும் அன்று என் கண்ணுக்கு முன்னால் வந்தது அவள்தான். பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாமல், இரண்டு நவம்பர் திருச்சியில் வரிசையில் நின்று திரும்பியவள். நான் நெருளில் உட்கார்ந்துகொண்டு போனில் "நாளைக்குப் போய்ப் பாரும்மா" என்பேன். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளால் அதற்கு மேல் என்ன செய்ய முடிகிறது, சொல்லுங்கள்.

பிறகு அந்த மெஷினை ராஜமரியாதையோடு குடி பெயர்த்தோம். முதலில் முழு டிஸ்கையும் பிரதி எடுப்பது. இது பொறுமையான வேலை. நொடிக்கு 100 மெகாபிட் போகும் லைனில் 10 டெராபைட்டை அனுப்ப ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். நல்லவேளை, இது சின்ன மெஷின். பிரதி போன பிறகு இங்கே மாறும் துண்டுகளை மட்டும் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்து, தனி வலையில் அடைத்து ஒத்திகை.

ஒத்திகையில் நான் கேட்டது ஒன்றே ஒன்று. போன நவம்பர் கோப்பைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டி டேலி பண்ணுங்கள். உள்ளே போனது எத்தனை, பொருந்தியது எத்தனை, தள்ளியது எத்தனை. டேலி ஆகவில்லை. தேடினால், புது இடத்தில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது! கிளவுட் சர்வரின் அடிக் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருந்தது, நம் மெஷின் அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. அதிகாலை ஐந்தரைக்கு முன் வந்த கோப்பெல்லாம் முந்தைய நாள் கணக்கில் விழுந்தது. மெஷின் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

2024 ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை மாற்றினோம். என்.இ.எஃப்.டி. 2019 டிசம்பரிலிருந்தும், ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பரிலிருந்தும் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுவதால், "கடை மூடிய பிறகு செய்யலாம்" என்ற சௌகரியம் பல மெஷின்களுக்கு இப்போது கிடையாது. இதற்குக் கிடைத்தது. பழைய மெஷினை அணைத்தோம், அழிக்கவில்லை. நவம்பர் தாண்டட்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டேன். நவம்பரில் முதல் கோப்பு வந்த காலை, எண்ணிக்கை டேலி ஆன பிறகுதான் டீ குடித்தேன். சாத்தாராக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "என் சான்றும் அதுலதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ" என்றார்.

இப்போது எங்கள் அட்டவணையில் புதிதாக இரண்டு கட்டங்கள் சேர்த்திருக்கிறோம். வருடத்தில் எந்த மாதம் கண் விழிக்கும்? யாரைக் கேட்டால் தெரியும்? மெஷினைத் தூக்கிப் போக ஆயிரம் கருவி வந்துவிட்டது. இந்த இரண்டு கட்டத்தை மட்டும் மனுஷன்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

ஊரில் வயதான அப்பா அம்மாவை வைத்துக்கொண்டு தூரத்தில் இருக்கும் நம்மைப் போன்றவர்களும் இப்படி ஒரு தாள் எழுதி வைத்துக்கொள்ளலாம். வாழ்நாள் சான்று எந்த மாதம், வீட்டு வரி எந்த மாதம், இன்சூரன்ஸ் பிரீமியம் எந்த மாதம், ஒவ்வொன்றுக்கும் ஊரில் யாரைக் கேட்க வேண்டும் என்று. நான் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டேன். சரி மக்களே, ஆணி கூப்பிடுகிறது.